கட்டுரைக்கு மொய் எழுதியவள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாட்கள் அவை. கல்லூரிக்கும் விடுதிக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள். கல்வராயன் மலைக்குப் போக பஸ் இல்லாமல், என்னோடு படித்த மலைக்காரத் தோழி வடக்கனந்தலில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவள் தங்கியதில் என் அப்பாவுக்கு வருத்தமே இல்லை. நான் கல்லூரிக்குப் போவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "காலேஜுலேர்ந்து ஒரு புகார் வந்துச்சுன்னா அன்னிக்கோட படிப்ப நிறுத்திடுவேன்" என்று கறாராகச் சொல்லி வைத்திருந்தார். சொன்னால் செய்கிறவர்.

விடுமுறைக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள், எங்கள் பகுதி விவசாயம் பற்றி. யாரிடமிருந்து எதை எடுத்தாலும் கடைசியில் அதை எழுதிவிட வேண்டும், எழுதாவிட்டால் அது திருட்டு என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எப்படி எழுதுவது என்று சொல்லத்தான் மறந்துவிட்டார். தண்ணீர் குறைந்த வருஷத்தில் எங்கள் வாய்க்காலில், கோடியில் இருக்கும் கடைமடை வயலுக்கு முதலில் பாய்ச்சுவார்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொல்ல, நான் ஒரு பத்தியாக எழுதினேன். அதைப் படித்துப் பார்த்த தோழி, "இத நானும் போட்டுக்கறேன்டி" என்றாள்.

"போட்டுக்கோ, காசா பணமா" என்றேன்.

கல்லூரி திறந்த அன்றே இருவரும் கட்டுரையைக் கொடுத்துவிட்டோம். ஆசிரியர் அவள் கட்டுரையை முதலில் படித்துவிட்டு அப்புறம் என்னுடையதைப் படித்திருக்கிறார். "இந்தப் பத்தி அப்படியே அவளுது. நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிக்கினு வா" என்றார். நான் எழுதியதை நானே திருடிவிட்டேனாம்! எழுதியது நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. கட்டுரையைக் கொடுத்துவிட்டு, மலைக்கு பஸ் ஓட ஆரம்பித்ததும் ஊருக்குப் போயிருந்த தோழி அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

மறுநாள் அப்பா என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு, எங்கள் கல்லூரிக்குப் போனார். என் படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆசிரியர் அறையில் போய் நாங்கள் நின்றபோது, விஷயம் கேள்விப்பட்டு தோழி ஓடி வந்தாள்.

"சார், என் கட்டுரையில கடைசிப் பக்கம் பாத்தீங்களா?"

அவர் புரட்டினார். கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது ஊர், அப்பா பெயர், ஆள் பெயர், கொடுத்தது என்று வரிசையாக எழுதுவார்களே, அவளுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். ஆசிரியர் உரக்கப் படித்தார். வடக்கனந்தல் என்றார். அடுத்து என் அப்பாவின் பெயரைப் படித்து, அவர் மகள் என்று என் பெயரைப் படித்தார். "வாய்க்கால் பத்தி ஒன்று. விவரம் சொன்னவர் மேற்படி அப்பா."

"இன்னாம்மா இது, மொய் எழுதி வெச்சிருக்க?"

"வாங்கினத எழுதணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. எங்களுக்கு இப்டிதாங்க எழுதத் தெரியும்."

ஆசிரியர் சிரித்துவிட்டார். புத்தகமாக இருந்தால் எழுதியவர் பெயரும் பக்கமும் போட வேண்டும், மனிதர் சொன்னதென்றால் இப்படியே இருக்கலாம் என்றார். என்னிடம், "தப்பு என்னுதும்மா, கடைசிப் பக்கம் வரிக்கும் பாக்கல" என்றார். அப்பாவுக்கு நாற்காலி போட்டு, "நெஜமாவே கடைமடைக்குதான் மொதல்ல வுடுவீங்களா?" என்று கேட்டார். படிப்பை நிறுத்தி என்னைக் கூட்டிப்போக வந்த மனுஷன் உட்கார்ந்து வாய்க்கால் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிறகு எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டேன், அடிக்குறிப்புகளோடு. ஒவ்வொன்றிலும் அவளை மனதார நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பே இல்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது, சைக்கிளை மிதித்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"என் பேருக்கு முன்னால இனிஷியல் போட்டுச்சா அந்தப் பொண்ணு?"

"போட்டிருக்குதுப்பா."

"நாளைக்கு பஸ் ஓடலைன்னா சொல்லு. நானே கொண்டாந்து வுடறேன்."