ரோஜாப் படத்தின்மேல் எழுதிய பதில்

சிங்கப்பூரில் எங்கள் நீரிழிவு நோயாளிகள் குழுவில் பேச்செல்லாம் மின்னஞ்சலில்தான். நான் மட்டும் வெறும் எழுத்தாக அனுப்பமாட்டேன். ரோஜா, குத்துவிளக்கு என்று ஒரு படம் தேடி, அதன்மேல் எழுதி அனுப்புவேன். அழகாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னால் போதும் எனக்கு.

சென்ற ஆண்டு, தீமிதிக்காக நாள் முழுக்கச் சாப்பிடாமல் விரதம் இருக்கலாமா என்று செல்வம் கேட்டிருந்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. "டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்காதீர்கள். நான் அப்படி இருந்து மயங்கி விழுந்தவள்" என்று ரோஜாப் படத்தில் எழுதி அனுப்பினேன். "நன்றி அக்கா" என்று பதில் வந்தது. அன்று முழுக்க எனக்குப் பெருமை.

மூன்றாம் நாள் அவர் மனைவி குழுவுக்கு எழுதினார். பட்டினியோடு வழக்கமான இன்சுலினையும் போட்டுக்கொண்ட செல்வம், சிராங்கூன் சாலையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஈசூனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"எழுதியிருந்தேனே தம்பி, படிக்கலையா?"

"எனக்குக் கண்ணு தெரியாமப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. போன்தான் படிச்சுச் சொல்லும். உங்க மெயில் வந்தா 'படம்'னு மட்டும்தான் சொல்லும் லா. குட் மார்னிங் கார்டுன்னு நெனச்சு நன்றி போட்டேன்."

நீரிழிவு கண்ணைப் பறிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதைப் பற்றியே குழுவில் எத்தனை படம் போட்டிருக்கிறேன்!

இப்போது வெறும் எழுத்துதான். பழைய மின்னஞ்சல்களை ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, போனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். படம், படம், படம் என்றது. அவ்வளவும் அக்கறையோடு நான் அனுப்பியவை.