பன்னிரண்டாம் அறையில் வந்த தண்ணீர்ப்புகை

அவளுக்குக் கொக்கி என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. எந்த சைட்டுக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும். புதுக் கட்டடங்களில் தீயணைப்பு ஏற்பாடுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது அவள் வேலை. தந்ததைவிடத் தராமல் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். எதைக் காட்டினாலும் ஒரு கொக்கி போடுகிறாள் என்று காண்டிராக்டர்கள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். குழைந்து குழைந்து பேசுகிறவன் குழாய்க்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்பது பத்தொன்பது வருட அனுபவம். யாராவது டீ வாங்கிக் கொடுத்தாலே அவளுக்கு எரிச்சல் வரும்.

வீட்டு நிலவரம் இதைவிட மோசம். கணவருக்குக் கப்பல் எஞ்சின் அறையில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார், மீதி இரண்டு மாதம் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஊமையாக இருப்பார். ஆக இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் குடித்தனம் செய்தது மாமியாரும் அவளும்தான். மாமியாருக்கு அவள் நடந்தால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம். இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு நாக்கு மட்டும் இன்னும் வேகமாக நடந்தது. குளிப்பாட்டும்போது மருமகள் கிள்ளுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதார். அவள் கிள்ளவில்லை. அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து கிள்ளினால் என்ன என்று தோன்றியது உண்மை.

இந்த நேரத்தில்தான் கொழுந்தன் அந்த நல்ல செய்தியோடு வந்தான். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய முதியோர் இல்லத்தில் தீயணைப்பு வேலை முழுக்க அவன் காண்டிராக்ட். திங்கட்கிழமைக்குள் சான்றிதழோடு ஒப்படைத்துவிட்டால் மூன்றாம் மாடியில் பன்னிரண்டாம் அறையை அவன் அம்மாவுக்கு ஒதுக்குவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. தவறினால் வேலையும் கைவிட்டுப் போகும், அறையும் போகும். மாமியார் உடனே சம்மதித்துவிட்டார். அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு நான்கு நாள் தாங்கியது. சோதனைக்குப் போகவேண்டிய இன்னொரு ஆள் காலை உடைத்துக்கொண்டு படுத்துவிட, அந்த வேலை அவள் தலையில் வந்து விழுந்தது. காண்டிராக்டர் தன் கொழுந்தன், தன்னை அனுப்பக் கூடாது என்று மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

"சொந்தக்காரர்னா நல்லதுதானே, சண்டை சச்சரவு இருக்காது" என்றார் அவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அந்த இல்லத்தில் போட்டிருந்தது சைட்டில் எல்லோரும் மிஸ்ட் என்று சொல்லும் ஏற்பாடு. சாதாரணத் தெளிப்பான் மழை மாதிரி கொட்டி அறையைக் குளமாக்கிவிடும். இது அப்படியில்லை. பெரிய பம்ப் ஒன்று அசுர அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும். கூரையிலுள்ள நாசில் என்கிற பீய்ச்சுமுனைகளின் மயிரிழைத் துளைகள் வழியே அது புகையாகப் பிரிந்து அறையை நிரப்பித் தீயை அமுக்கிவிடும். துளை அவ்வளவு சின்னதாக இருப்பதால், குழாய் அறுத்தபோது விழுந்த இரும்புத் தூள் ஒரு சிட்டிகை போதும், நாசில் அடைத்துக்கொள்ளும். அதனால் நாசில் மாட்டுவதற்கு முன் குழாயைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஒவ்வொரு அறை வால்வுக்கு முன்னாலும் ஒரு ஃபில்டர் வைக்க வேண்டும். செய்யாமல் விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. தீப்பிடிக்கிற அன்றைக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அவள் மூன்றாம் மாடிக்குப் போனபோது கொழுந்தன், சாவிக்கொத்தோடு நிர்வாகி அம்மாள், சக்கர நாற்காலியில் மாமியார் என்று எல்லோரும் வரிசையாகக் காத்திருந்தார்கள். மாமியார் மடியில் பெட்டி. சான்றிதழ் வந்த கையோடு அறைக்குள் போய்விடலாம் என்று கிளம்பியே வந்துவிட்டார்.

ஒரு மாடிக்கு ஒரு அறையைச் சோதித்தால் போதும் என்பது இந்தத் தொழிலில் ஊறிப்போன வழக்கம். எந்த அறை என்று காண்டிராக்டர்தான் காட்டுவான். பிறகு துடைக்க வேண்டியவனும் அவன்தானே.

"அண்ணி, அம்மா ரூம்லயே போட்டுக் காட்டிடறேன்" என்றான் கொழுந்தன். "கண்ணால பாத்துட்டா அவங்களுக்கும் தைரியமா இருக்கும்ல."

பன்னிரண்டாம் அறையின் நடுவில் தகரத் தட்டில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, கதவைச் சாத்தினார்கள். வால்வு திறந்தது. கீழே பம்ப் உறுமியது. கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் மறைந்தது, ஜன்னல் மறைந்தது, அறை முழுக்க வெள்ளை. கதவைத் திறந்தபோது தட்டில் பொட்டு நெருப்பு இல்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

"பாத்துக்கோ, என் புள்ள வேலைய" என்றார் மாமியார்.

அவள் பேனாவை எடுத்தாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது, அவள் கை பறந்தது. இன்று மாலை முதல் வீட்டில் அவள் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது. கையெழுத்துப் போடும் கட்டம் வரை வந்துவிட்டாள்.

"ரொம்ப நன்றி அண்ணி" என்றான் கொழுந்தன். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிக்க ஜில்லுனு ஏதாவது சொல்லட்டுமா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டியதில்லை. அவள் பேனாவை மூடினாள்.

"பதினொண்ணாம் நம்பரையும் போட்டுக் காட்டுங்க தம்பி."

அவன் முகம் செத்துவிட்டது. "மாடிக்கு ஒரு ரூம்தானே? எல்லா எடத்துலயும் அப்படித்தானே செய்யறாங்க?"

"வழக்கம் அப்படி. விதி அப்படி இல்ல."

"வீட்டுப் பகைய இங்க வந்து தீத்துக்காதீங்க அண்ணி."

"வீட்டுப் பகைன்னா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

பதினொன்றாம் அறை கண் தெரியாத ஒரு பழைய தையல்காரருக்கு ஒதுக்கியது. நிர்வாகி அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திறந்துவிட்டார். பம்ப் அதே உறுமல்தான் உறுமியது. நான்கு நாசில்களில் ஒன்று சுவரைப் பார்த்துப் பீய்ச்சியது, இரண்டு சொட்டின, ஒன்று அசையவே இல்லை. தட்டில் நெருப்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவளே உள்ளே போய் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினாள். பதின்மூன்றாம் அறையில் சொட்டுகூட வரவில்லை.

"புதுசுல்ல, ரெண்டு தடவ ஓட்டினா சரியாயிடும்" என்றான் கொழுந்தன்.

அவள் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். நடைபாதைக் கூரைப் பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி டார்ச் அடித்தாள். பதினொன்றாம் அறை வால்வுக்கு முன்னால் ஃபில்டர் இல்லை. பதின்மூன்றுக்கு இல்லை. ஒன்று முதல் பதினெட்டு வரை ஏணியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பன்னிரண்டாம் அறைக்கு மட்டும் புத்தம்புது ஃபில்டர் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு கிளைக் குழாயைத்தான் கழற்றி அலசித் திரும்ப மாட்டியிருந்தார்கள். இணைப்புகளில் ஸ்பேனர் பட்ட கீறல் புதிதாக இருந்தது. தையல்காரர் அறையின் நாசிலைக் கழற்றித் தட்டினாள். உள்ளங்கையில் இரும்புத் தூள் கொட்டியது.

ஏணியிலிருந்து இறங்கி, அந்தக் கையை நிர்வாகி அம்மாளுக்கும் காட்டிவிட்டு, கொழுந்தனிடம் திரும்பினாள்.

"மத்த பதினேழு ரூமுக்கும் மறந்துட்டீங்கன்னே வச்சுக்குவோம். இதுக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?"

"எங்கம்மா இருக்கப்போற ரூம்" என்றான் அவன். "வேற எப்படிச் செய்வாங்க?" வெட்கம் என்பது துளிகூட இல்லை. அம்மா என்றால் அவனுக்கு அவன் அம்மா மட்டும்தான்.

நிர்வாகி அம்மாள் ஃபோனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். மாமியாருக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது, எல்லாம் விளங்கிவிட்டது. மகனைத் திட்டுவார் என்று கொஞ்சம்போல எதிர்பார்த்தவள் ஏமாந்தாள்.

"என் ரூம்ல வருதுல்ல?" என்றார் மாமியார். "அந்தப் பேப்பர்ல பன்னெண்டாம் நம்பர் மட்டும் எழுதிக் குடு. நான் இங்கயே தனியா இருந்துக்கறேன். உன் கையால சோறு திங்கறதுக்கு அது தேவல."

"ஒரு ரூமுக்கு மட்டும் சான்றிதழ் கிடையாது அத்த."

"குடுக்க மனசில்லன்னு சொல்லு."

"குடுக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியாது."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர்கள் இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான். அதையும் அவளே தன் கையால் கெடுத்தாள். 'தேர்ச்சி இல்லை' என்று எழுதி, மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் தன் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு படியில் இறங்கிப் போனான். அம்மாவை யார் கூட்டிப்போவது என்று அவன் கேட்கவில்லை.

அவள்தான் நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளினாள், பெட்டியையும் தூக்கினாள். வாசலில் தன் காரின் கதவைத் திறந்து வைத்துவிட்டு மாமியாரின் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தினாள். பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாததால் மாமியார் இரண்டு கைகளாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வாய் அவள் காதருகே இருந்தது.

"சாகற வரைக்கும் உன்ன மன்னிக்க மாட்டேன்" என்றார், அவசரமில்லாமல்.

"தெரியும். கால உள்ள வைங்க."