வோஸ்கைல் வீட்டு நீல ஸ்ப்ரூஸ்

ஆர்லிஸ் வோஸ்கைல் மரம் விற்றதைவிட விற்க மறுத்ததுதான் அதிகம். விஸ்கான்சினில், பெரிய ஏரியை ஒட்டிய எங்கள் ஊர் நர்சரியில் பைன், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மர வரிசைகளெல்லாம் முப்பத்தோரு வருஷம் அந்த அம்மாளுடைய ராஜ்யம். எந்த மரத்தைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்பார். சுவர் எவ்வளவு தூரம்? மேலே மின்கம்பி போகிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பலர் காரை நோக்கி நடையைக் கட்டுவார்கள்: "இன்னும் எத்தனை வருஷம் உயிரோட இருக்கறதா உத்தேசம்?"

எங்கள் சர்ச் போதகரையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாசல் கதவுக்கு இரண்டு பக்கமும் நார்வே ஸ்ப்ரூஸ் வைக்க வேண்டும் என்று ஆசையாக வந்தார் மனிதர்.

"பாஸ்டர், இது அறுபது அடி போகும். நாளைக்குக் கர்த்தரே வந்து தட்டணும்னாலும் கதவு எங்க இருக்குன்னு அவருக்கே தெரியாது."

"பார்க்க சின்னதாத்தானே இருக்கு, ஆர்லிஸ்?"

"நீங்களும் ஞானஸ்நானம் வாங்கினப்போ சின்னதாத்தான் இருந்தீங்க."

போதகர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, பறவைக்கூடு ஸ்ப்ரூஸ் என்ற குட்டை ரகத்தில் இரண்டை வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் அவை இடுப்பளவுதான்.

இப்படி ஊரையே அடக்கி வைத்த ஆர்லிஸின் கணவர் டெல்மர். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, வீட்டின் முன்னால் ஒரு நீல ஸ்ப்ரூஸ். கொலராடோ மலையில் வளரும் அந்த வெள்ளி நீல மரம். அது வறண்ட மலைக்காற்றில் பிறந்தது, நம் ஏரிக்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் சாகும் என்று ஆர்லிஸ் கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

பித்தப்பைக் கல்லுக்காக ஆர்லிஸ் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்து காரை விட்டு இறங்கினால், புல்வெளி நடுவில் ஆளுயர நீல ஸ்ப்ரூஸ். பக்கத்து ஊரில் வாங்கியது. எதிர்வீட்டுக்காரனான நான் பூச்செண்டோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

"எனக்குள்ளேர்ந்து ஒண்ண எடுத்தாங்கன்னா, நீ இங்க ஒண்ண நட்டு வைப்பியா?"

"அது கல்லு. இது மரம். எவ்வளவு அழகா இருக்கு பாரு."

"பதினஞ்சு வருஷத்துல கீழேர்ந்து உதிர ஆரம்பிக்கும்."

"அதுக்குள்ள நானே கீழேர்ந்து உதிர ஆரம்பிச்சிருப்பேன், விடு."

மரம் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. பன்னிரண்டாவது வருஷம் அடிக்கிளைகளின் ஊசி இலைகள் ஊதாவும் பழுப்புமாக மாறிக் கொட்டின. ஆர்லிஸ் பூதக்கண்ணாடியால் ஓர் ஊசியைப் பார்த்தார். கறுப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன, அவர் சொன்ன அதே பூஞ்சை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

"என்ன பண்றதுன்னு சொல்லேன்" என்று டெல்மர் பின்னாலேயே போனார்.

"நான் நர்சரிக்கு வர்றவங்களுக்குத்தான் ஆலோசனை சொல்றது."

டெல்மர் சளைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நர்சரிக்குப் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆறு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது.

"சுவர் எவ்வளவு தூரம்?" என்றார் ஆர்லிஸ், முன்னே பின்னே தெரியாதவரைக் கேட்பதுபோல.

"உனக்குத் தெரியாதா?"

"சார், பின்னால ஆள் நிக்கறாங்க."

எல்லாக் கேள்விக்கும் டெல்மர் ஒழுங்காகப் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, "அது என் பொண்டாட்டி கையில இருக்கு" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. ஆர்லிஸ் சிரிக்காமல் பூஞ்சைக்கான தாமிர மருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, புது ஊசி பாதி நீளம் வந்ததும் ஒரு தரம், நான்கு வாரம் கழித்து இன்னொரு தரம், தவறாமல் அடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் தரம் அடித்தார். இரண்டாவது தரம் அடிக்க வேண்டிய வாரம் ஏரியில் அவர் தூண்டிலை மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமும் அதே கதை. மரம் பாவாடை இழந்து, தலையில் மட்டும் நீலக் குல்லாயோடு நின்றது.

அப்போதுதான் டெல்மர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஆர்லிஸ் வேலைக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, தெளிப்பு டப்பாவில் வரும் வெள்ளி நீலப் பெயிண்டை வாங்கி வந்து, ஏணி போட்டு, மொட்டைக் கிளை ஒவ்வொன்றுக்கும் அடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதம் என்று நானே சொல்லித் தொலைத்தேன். அதுவே வினையாயிற்று. அந்த வழியாகக் காரில் போன ஓர் அம்மாள் மயங்கிப்போய், நேராக நர்சரிக்குப் போய், "உங்க வீட்டுல இருக்கே, அதே நீலம்தான் வேணும்" என்று ஆர்லிஸிடம் அடம்பிடித்திருக்கிறார்.

ஆர்லிஸ் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். டெல்மர் முழங்கை வரை நீலமாக ஏணியில் இருந்தார். அவர்கள் நாயின் முதுகிலும் ஒரு பட்டை நீலம்.

"ஊர் முழுக்க எனக்கிருந்த மரியாதையில பெயிண்ட் அடிச்சிட்டியேய்யா!"

"உன் மரியாதையா? சமையலறைப் பக்கம் நிக்குதே, அந்த முகோ பைனுக்கு என்ன சொல்ற? முட்டிக்கு மேல வராதுன்னு வச்சியே! சமையலறை ஜன்னலை முழுங்கிட்டு, இப்ப கூரையைப் பார்த்துட்டு இருக்கு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா?"

ஆர்லிஸ் கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது விதையில முளைச்சது, டெல்மர், எவ்வளவு உயரம் போகும்னு சொல்லவே முடியாது. ஒட்டு கட்டின குட்டை ரகம்னு நெனச்சு வாங்கிட்டேன். ரெண்டாவது வருஷமே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் அத்தனை வருஷம் எப்படிக் குட்டையா இருந்துது?"

"வருஷா வருஷம் மெழுகுவத்தி மாதிரி குருத்து நீளும்ல, அதையெல்லாம் நீ பாலெடுக்கப் போனதும் உக்காந்து பாதியா கிள்ளிடுவேன். பத்தொம்போது வருஷம். தோள்ல ஆபரேஷன் ஆனப்புறம் முடியலை."

டெல்மர் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படியில் பக்கத்தில் உட்கார்ந்து, நீலக் கையால் மனைவியின் தோளைப் பிடித்துவிட்டார். "சொல்லியிருந்தா நானும் கிள்ளியிருப்பேனே, பைத்தியமே" என்றார். வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. அதற்கும் திட்டு வாங்கினார்.

அந்த வாரமே என் சங்கிலி ரம்பத்தால் இரண்டு மரத்தையும் வெட்டினோம். அடுத்து என்ன வைப்பது என்று இரண்டு மாதம் சண்டை. கடைசியில் சுவிஸ் ஸ்டோன் பைன். ஒடுங்கி வளரும், அவசரப்படாது, இங்குள்ள குளிரும் ஈரமும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஊசியின் உட்புறம் லேசாக நீலம் ஓடும் என்பதால் டெல்மருக்கும் திருப்தி. நடும் இடத்தை ஆர்லிஸ் டேப் பிடித்து மூன்று தரம் அளந்தார்.

ஆர்லிஸுக்கு இப்போது எண்பத்தொன்று. டெல்மருக்கு எண்பத்து மூன்று. முகோ போனதில் எனக்குத்தான் நஷ்டம். அவர்கள் சமையலறை ஜன்னலிலிருந்து என் வீடு முழுசாகத் தெரிகிறது. தினமும் காலையில் இருவரும் காபிக் கோப்பையோடு அங்கே உட்கார்ந்து, நான் பனி அள்ளும் லட்சணத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.