எட்டாவது குமிழ்

பத்துக் குமிழ்களையும் நடுக்கோட்டுக்கு இழுத்த பிறகுதான் என் கை செய்த காரியம் எனக்கே உறைத்தது.

நான் அரங்குகளில் ஒலி அளக்கும் பொறியாளர். கனத்த ஒலி முதல் கீச்சொலி வரை தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் எதைத் தொட்டாலும், முதலில் எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன். அப்பாவின் பாட்டுப் பெட்டியில் இடது ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். பார்க்க உட்கார்ந்தேன். பழக்க தோஷம். அப்பா வைத்திருந்த அளவு போய்விட்டது. அவர் இறந்து ஐந்து வாரம்.

அம்மா ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தாள். "வந்ததும் அப்பா கேட்கிற மாதிரி பாட்டுப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மணிக்கு வந்துவிடுவாள். இப்போது ஐந்து பத்து.

கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அப்பா இருந்தார். பின்னால் அலமாரி இருந்தது. குமிழ்கள் எதிலும் விழவில்லை. தூசித் தடமாவது இருக்குமா என்று டார்ச் அடித்தேன். அம்மா பளிச்சென்று துடைத்து வைத்திருந்தாள்.

அப்பா தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினார், இருபத்தெட்டு வருடம். சனிக்கிழமை சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றி, ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். வருடா வருடம் கீச்சொலிகளுக்கான வலப்பக்கக் குமிழ்கள் ஏறிக்கொண்டே போயின. படித்துவிட்டு வந்த திமிரில் ஒருமுறை சொன்னேன்:

"அப்பா, ஈக்வலைசர்னா அறையும் ஸ்பீக்கரும் கெடுக்கிறதச் சரி பண்றது. நீங்க பண்றது, குழம்பு நல்லா இருக்கும்போதே உப்ப அள்ளிக் கொட்டறது."

"ஜன்னலுக்குத் திரை போட்டா?"

"அது சரி பண்றது."

"நாற்காலியத் தள்ளிப் போட்டா?"

"அதுவும்தான்."

"அப்ப நாற்காலியில உக்காந்திருக்கிறவன் மட்டும் கணக்குல வரமாட்டானா?"

நான் சிரித்தேன். அவர் குமிழைத் தொடாமல் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

ஐந்தரை மணிக்கு அலமாரியின் அடி இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தேன். ஒரு பழைய உறைக்குள் தொழிற்சாலையில் எடுத்த காது பரிசோதனைத் தாள்கள், பதினொன்று. எங்களிடம் அவர் மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு தாளிலும் கேட்கும் திறனைக் காட்டும் கோடு ஒரே இடத்தில், நாலாயிரம் ஹெர்ட்ஸில், பள்ளத்தில் விழுந்திருந்தது. வருடா வருடம் இன்னும் ஆழமாக.

தாளை மேல்கீழாகப் புரட்டி டார்ச் வெளிச்சத்தின் முன் பிடித்தேன். பள்ளம் மேடானது. நான் கிண்டல் செய்த குமிழ்களின் வரிசை அதுதான்.

கடைசித் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கான எட்டாவது குமிழ் உச்சியில் போய் முட்டியது. சரியா, தப்பா? சொல்ல அவர் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம்.

"அம்மா, எல்லாத்தையும் கலைச்சிட்டேன். இந்தத் தாளப் பார்த்துத் திரும்ப வச்சிருக்கேன். அப்பா வச்சதுதானான்னு தெரியல."

அவள் தாளை வாங்கவில்லை. பாட்டைப் போட்டாள். ஒரு வரிகூட முடியவில்லை, முகத்தைச் சுளித்தாள்.

"இது இவ்வளவு ஏறாதுடி," என்று எட்டாவது குமிழில் விரலை வைத்தாள். "இதை ஏத்தினா எனக்குப் பல்லு கூசும். 'கூசுதா, கூசுதா'ன்னு என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்கப்பா வைப்பாரு."

இரண்டு கோடு கீழே இறக்கினாள். தாளின்படி, அந்த அளவில் அவருக்குப் பாதிகூடக் கேட்டிருக்காது.

"எனக்கு இப்பவும் கூசுதேம்மா."

"உன்னைக் கேட்டு வைக்கறதுக்கு நீ எந்தச் சனிக்கிழமைடி இங்க இருந்த?"

குமிழை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டேன். என் நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.