கண்டக்டரம்மா இருக்கும்போது படியில் நிற்க முடியாது

எங்கள் கட்டடத்தில் சத்தம் போடக் கூடாது என்று சுவருக்குச் சுவர் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த அட்டைக்குக் கீழேயே நின்றுகொண்டு சத்தம் போடுகிற ஒரே ஆள் கண்டக்டரம்மா. வாழ்க்கையில் பாதியைப் பேருந்தில் டிக்கெட் கொடுத்தே கழித்த தொண்டை அது. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று பெரிய டாக்டரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மெதுவாத்தானே டாக்டர் பேசறேன்," என்று இவர் சொன்ன பதில் மாடி வரைக்கும் கேட்டது.

நான் இங்கே வாயில் காவலாளி. இளவயதுப் பிள்ளைகள் தங்கிச் சிகிச்சை பெறுகிற மனநலப் பிரிவு இது. உள்ளே போகிற பைகளையும் ஆட்களையும் சோதிப்பது என் வேலை. கண்ணாடிப் பாட்டில், பெல்ட், கயிறு, நாடா எதுவும் உள்ளே போகக் கூடாது. பிள்ளைக்கென்று புதிதாக வாங்கி வந்த பைஜாமாவிலிருந்து நான் நாடாவை உருவும்போது அம்மாக்களின் முகம் போகிற போக்கை நீங்கள் பார்க்க வேண்டும். நாள் முழுக்க அதையே பார்த்து என் மூஞ்சியும் சுருங்கிவிட்டது. "மூஞ்சிய கொஞ்சம் இஸ்திரி போட்டுட்டு வரக் கூடாதா தம்பி?" என்று தினமும் காலையில் கண்டக்டரம்மா கேட்பார். எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவர் விடுப்பு எடுத்த நாளில் யாரும் அப்படிக் கேட்காமல் இருந்தால், அதற்கும் கோபம் வரும்.

அவருடைய வேலைக்குக் குடும்பத் துணை என்று பெயர். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறவர்களுக்குத் துணை. டாக்டர் எப்போது பேசுவார், துணிமணி எது கொண்டுவரலாம், பக்கத்தில் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும், வீட்டுக்குப் போய்த் தூங்கினால் பாவமா என்று எதை வேண்டுமானாலும் அவரிடம் கேட்கலாம். மருந்து மாத்திரை பற்றிக் கேட்டால் மட்டும், "அது டாக்டர் ரூட்டு, என் ரூட்டு இல்ல," என்று நேராக நர்ஸிடம் அனுப்பிவிடுவார்.

வேலையில் சேர்ந்த வாரமே என் இடுப்பை ஒடித்தார். காத்திருப்பு அறையில் நாற்காலிகள் நான்கு சுவரையும் ஒட்டிக் கிடந்தன. எல்லாரும் எல்லார் மூஞ்சியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்தால் எதிரே இருப்பவரும் துடைப்பார். கண்டக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, ஒரு கை பிடிங்க," என்றார். நாற்காலிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்து, நடுவில் வழி விட்டு, எல்லாவற்றையும் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட வைத்தார். பார்த்தால் அசல் பேருந்து.

"எதிரும் புதிருமா உக்காந்தா அழுகைதான் வரும். பக்கத்துல உக்காந்தா பேச்சு வரும். எத்தன வருஷம் பாத்திருக்கேன்," என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அன்று மாலையே, முதல் நாள் வந்து வாயே திறக்காமலிருந்த ஓர் அப்பா, ஒரு மாதமாக வந்துபோகிற இன்னோர் அம்மாவின் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று கண்டக்டரம்மாவுக்குத் தெரியும். எல்லாரையும் உட்கார வைப்பாரே தவிர, அவர் உட்கார மாட்டார். காலை அகட்டி வைத்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் தேநீர்கூடக் குடிப்பார். கட்டடம் பிரேக் போட்டுவிடுமோ என்று பயம் போல.

அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். வார்டுக்குள் போகிற கதவுக்கு ஒரு படி உண்டு. பிள்ளை உள்ளே போனதும் குடும்பம் அந்தப் படியில் நின்றுவிடும். உள்ளே போகவும் முடியாது, திரும்பிப் போகவும் மனசு வராது. உடனே குரல் வரும்: "படியில நிக்காதீங்க. உள்ள எடம் இருக்கு, வாங்க."

இது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவராகவே சொன்னார். அவருடைய மகன் காலேஜில் படிக்கும்போது இதே பிரிவில் இருந்திருக்கிறான். "அன்னிக்கு நான் அந்தப் படியிலதான் நின்னேன் தம்பி. பஸ்ஸுல அவ்வளவு வாய் பேசறவ, ஒரு வார்த்த வரல. உள்ள வா, இல்ல வெளிய போன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல." மகன் இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிறான். அவ்வப்போது மனம் சோர்ந்துபோகிற நாட்கள் அவனுக்கு உண்டு, மருந்தும் உண்டு. மதியம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று அம்மாவை அதட்டுவான். அவர் அந்த அதட்டலை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் எல்லாரையும் கேட்க வைப்பார்.

ஓர் இஸ்திரிக் கடைக்காரர் குடும்பம் வந்தது மழைக்காலத்தில். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு. சாப்பாடும் தூக்கமும் போய், அறையை விட்டு வராமல் கிடந்து, கடைசியில் இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கிய நிலையில் கூட்டிவந்தார்கள். சின்னவள் ஆறாம் வகுப்பு. அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஆனால் இங்கே வந்தபோது வாலைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் நின்றாள்.

பெரியவள் உள்ளே போனதும் ஒன்று சொல்லிவிட்டாள்: வீட்டு ஆட்கள் யாரையும் பார்க்க மாட்டேன். அப்பா தினமும் கடையை மூடிவிட்டு, மடிப்புக் கலையாத துணியோடு வருவார். உள்ளே கொடுத்தால் நேற்றைய துணி கசங்கி வெளியே வரும். துணி போய் வந்துகொண்டிருந்தது, பெண்தான் வரவில்லை. அவர் உட்கார்ந்து, முட்டியின் மேல் கால்சட்டையை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கிக்கொண்டே இருப்பார்.

"கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனா வர்றத நிறுத்தாதீங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அவர்கள் வந்தார்கள், அந்தப் பேருந்தில் உட்கார்ந்தார்கள், போனார்கள்.

ஒருநாள் வாலு கண்டக்டரம்மாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். இவரிடம் ரகசியம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று.

"நீ சொன்னதாலயா வர மாட்டேங்கறா?" என்று அறை முழுக்கக் கேட்டது.

விஷயம் இதுதான். இருக்கப் பிடிக்கவில்லை என்று பெரியவள் சொன்னது அப்பா அம்மாவிடம் அல்ல, இருட்டில் பக்கத்தில் படுத்திருந்த தங்கையிடம். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கியிருந்தாள். வாலு விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதனால்தான் அக்கா இங்கே வந்தாள். அதனால்தான் இனி ஜென்மத்துக்கும் தன்னோடு பேச மாட்டாள் என்று அந்தக் குழந்தை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தது.

"நீ செஞ்சது சரி கண்ணு. நூத்துக்கு நூறு சரி," என்றார் கண்டக்டரம்மா. வாலு தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. சரி தப்பு யாருக்கு வேண்டும், அவளுக்கு அக்கா வேண்டும். பையில் ஒன்றும் இல்லாத ஒரு பெரியவரைப் பிடித்து இரண்டு தடவை சோதித்தேன்.

"ராத்திரி தூங்கறியா?" என்று கண்டக்டரம்மா வாலுவிடம் கேட்டார்.

"ஹால்ல தூங்கறேன். ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. அக்கா சாமான் எதையும் தொடக் கூடாது. அப்படியே இருக்கணுமாம்."

கண்டக்டரம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏங்க, ரூம பூட்டியா வச்சிருக்கீங்க?"

"அவ வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு..."

"அவதான் இருக்கறாளே. நல்லா, உயிரோட, அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கறா. இருக்கறவ சாமான யாராவது அப்படி வைப்பாங்களா? இந்தப் பொண்ணு முன்னாடி என்ன பண்ணுவா?"

"அக்கா துணிய எடுத்துப் போட்டுக்குவா. தெனம் சண்டதான்," என்றார் அம்மா. சொல்லும்போதே அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அங்கே அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்பறம் என்ன, ரூமத் தெறந்து விடுங்க."

மறுநாள் பார்வை நேரத்துக்கு வாலு வந்தாள். முழங்கால் வரை தொங்குகிற, தொப்பி வைத்த சாம்பல் நிறச் சட்டை. யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை, கை நுனியில் விரலே தெரியவில்லை. தொப்பியைச் சுற்றித் தடிமனாக ஒரு நாடா. சட்டம் சட்டம்தான். பார்வையாளர் அறையும் வார்டுக் கதவுக்கு உள்ளே இருப்பதால், வருகிறவர்கள் துணியிலும் நாடா கூடாது.

"அங்கிள், வேணாம். இது அக்காவோடது. எடுத்தா என்னைத் தொலைச்சுடுவா," என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "வந்தாத்தானே," என்றாள்.

எனக்கு அந்த வேலையே வெறுத்துப்போனது. இருந்தும் உருவினேன். ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்தேன். அம்மாவும் அப்பாவும் அப்போதுதான் சட்டையைக் கவனித்தார்கள். "இதையாடி இங்க போட்டுட்டு வந்த?" என்று அம்மா பதறினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடுமோ என்று எனக்கும் பயம்தான்.

பெரியவள் வராவிட்டாலும் பார்வை நேரத்தில் குடும்பம் பார்வையாளர் அறையில்தான் காத்திருக்கும், காவலுக்கு நானும் அங்கே நிற்பேன். அந்த அறைக்கும் நடைவழிக்கும் நடுவில் கண்ணாடி. பெரியவள் அந்த வழியாக ஒரு நர்ஸோடு நடந்து போனாள். வழக்கம்போலத் தலையைத் திருப்பாமல்தான் போனாள். இரண்டடி போனவள் நின்றாள். திரும்பி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நர்ஸிடம் ஏதோ சொன்னாள். கதவு திறந்தது.

நேராகத் தங்கையிடம் வந்தாள். "யாரக் கேட்டு இதப் போட்ட?"

வாலு சட்டைக் கையைப் பின்னால் மறைத்தாள்.

"கேக்கறேன்ல. நாடா எங்க? எங்கடி நாடா? மென்னு முழுங்கிட்டியா?"

"நான்... அங்கிள்தான்..."

பெரியவள் என் பக்கம் திரும்பினாள். "அது வாங்கி எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? இத்தன நாள் பத்திரமா வச்சிருந்தேன். உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷ வேலையில் அப்படி ஆனந்தமாக நான் திட்டு வாங்கியதில்லை. "பத்திரமா இருக்கும்மா. டிராயர்ல இருக்கு," என்றேன். கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்பார்கள். அங்கே அன்று இரண்டும் இருந்தன.

வாலு அழ ஆரம்பித்தாள். விசும்பல்களுக்கு நடுவே, "நான் அம்மாகிட்ட சொன்னதுக்குத்தானே நீ வரல?" என்று கேட்டுவிட்டாள்.

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள். "சொன்னதுக்குக் கோவம்தான்," என்றாள். "சட்டைக்கு அதவிடக் கோவம். தள்ளி உக்காரு."

வாலு தள்ளினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவோடும் அப்பாவோடும் அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் நேரம் முடிகிற வரை எழுந்து போகவில்லை. சட்டைக் கையில் ஒட்டியிருந்த சாம்பார்க் கறையோ மைக்கறையோ எதையோ காட்டித் திட்டிக்கொண்டே இருந்தாள். இஸ்திரிக் கடைக்காரரின் கை முட்டியின் மேல் அசையாமல் இருந்தது. கண்டக்டரம்மா நிலையைப் பிடித்தபடி நின்றார். மூக்கை மட்டும் உறிஞ்சினார், அதுவும் மாடிக்குக் கேட்டிருக்கும்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தாள். சில நாள் நன்றாகப் பேசினாள், சில நாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர்கள் அவர்கள் வேலையைச் செய்தார்கள். குடும்பம் தினமும் வந்து ஏறி உட்கார்ந்தது. பிறகு ஒருநாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "மடிப்பு ஒண்ணும் இவ்வளவு விறைப்பா இருக்க வேணாம்ப்பா, குத்துது," என்று பெரியவள் சொன்னதை அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பார் போல. எங்களிடம் தினமும் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. வாரம் ஒருமுறை வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும், மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சாம்பல் நிறச் சட்டை இப்போது உரியவளின் மேல் இருந்தது. இழுப்பறையைத் திறந்து நாடாவைக் கொடுத்தேன். வாலு எங்கிருந்தோ ஓர் ஊக்கைக் கொண்டுவந்து அதன் முனையில் குத்தி, அக்காவை அந்தப் படியிலேயே நிற்க வைத்துக் கோக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முழம் நீளமும் மறுபக்கம் விரல்கடையுமாக வந்தது. திரும்ப உருவினாள், திரும்பக் கோத்தாள். பின்னால் இரண்டு குடும்பம் வழிக்காக நின்றுகொண்டிருந்தது.

பெரியவள் குனிந்து தங்கையிடம் பேசினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"இனிமேயும் நான் அந்த மாதிரி ஏதாவது சொன்னா, போய் அம்மாகிட்ட சொல்லிடு. சத்தியம் கித்தியம் வாங்கினாலும் சொல்லிடு. என்ன?"

வாலு ஊக்கை விடாமல் தலையாட்டினாள். "அப்ப சட்ட?"

"சட்டையத் தொட்ட, கைய ஒடிப்பேன்."

இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். கோத்து முடிந்த பிறகும் நின்றார்கள். நான் கண்டக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பார் திறப்பார் என்று பார்த்தால், திறக்கவேயில்லை.

"கண்டக்டரம்மா, படியில நிக்கிறாங்க," என்றேன்.

"நிக்கட்டும் விடு தம்பி," என்றார், உண்மையிலேயே மெதுவாக. "இறங்கறவங்க படியில நிக்கலாம்."