ரோசிலி டீச்சர் தூக்கி எறிந்த நாலு நிமிஷம்

ரோசிலி டீச்சருக்கு வாய் முந்திக்கொள்ளும். புத்தி அரை மணி நேரம் கழித்து ஆட்டோ பிடித்து வந்து சேரும். கணக்கு டீச்சர் என்று சொன்னால் புதிதாகப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அந்த வாய்தான் ஜூலை மாதக் கூட்டத்தில், இருபத்தாறு பள்ளிக்கூடத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த ஹாலில், அவரை எழுப்பி நிறுத்தியது.

"ஒரே ஒரு ரிசல்ட் தப்பாப் போச்சுன்னா, கம்ப்யூட்டர் ரூம் சாவியை இந்த மேஜைமேல வச்சிட்டுப் போயிடறேன், போதுமா?"

எதிரே உட்கார்ந்திருந்த பௌலோஸ் மாஷ் சிரித்தார். கிழக்கே மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுக்கும் மாஷ்தான் அந்த வருஷம் கலோத்ஸவம் என்கிற பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குக் கன்வீனர். "டீச்சரே, சாவியை எண்ணெய் போட்டு வச்சுக்கங்க. துரு பிடிச்சதைக் குடுத்தா நான் வாங்க மாட்டேன்" என்றார். ஹாலே சிரித்தது.

விஷயம் இதுதான். ஜில்லாப் போட்டிக்கு முன்படியான உபஜில்லா கலோத்ஸவம் என்றால் நாலு நாள், எட்டு மேடை, இருநூறு ஐட்டம், இரண்டாயிரம் பிள்ளைகள், அவர்களைவிட அதிகமாகப் பதறும் பெற்றோர்கள். மார்க்கு கூட்டுவதற்கும், ரிசல்ட் போடுவதற்கும் 'அரங்கு' என்று ஒரு ப்ரோக்ராம் பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் ஷம்சுதீன். ரோசிலி டீச்சரோடு அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்து, பிறகு மஸ்கட்டுக்குப் போய்விட்ட ஆள். போகும்போது, வீட்டைக் காலி செய்கிறவர்கள் பூனையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போவார்களே, அப்படி அரங்கை டீச்சரிடம் விட்டுவிட்டுப் போனார். டீச்சரும் சோறு போட்டு வளர்த்தார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களில் இருந்த கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அரங்கு பழைய சிஸ்டத்துக்கென்று எழுதியது. புதியதில் கண்ணே திறக்கவில்லை. டவுனிலிருந்து ஒரு கம்பெனிக்காரனை வரவழைத்துவிடலாம் என்று பௌலோஸ் மாஷ் சொன்னதும்தான் டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது, நானே மாற்றிக் காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டார்.

ஓணம் லீவு பத்து நாளும் டீச்சர் வீட்டில் பூக்களமும் இல்லை, பாயசமும் இல்லை. கணவர் லோனப்பன் பேக்கரி வைத்திருப்பவர், பட்டினி கிடக்க மாட்டார். "ரோசிலி, அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டிருந்தா என்னத்துக்கு என்னைக் கட்டினே?" என்று கேட்டுவிட்டு, ஒரு தட்டில் பஃப்ஸை வைத்துவிட்டுப் போவார்.

முதல் மூன்று நாள் ப்ரோக்ராம் தன் சொந்த ஃபைல்களையே தெரியாது என்று சாதித்தது. ஃபைல் பெயர்களில் ஷம்சு ஓரிடத்தில் பெரிய எழுத்தும் ஓரிடத்தில் சின்ன எழுத்துமாக, கை போன போக்கில் அடித்திருந்தார். பழைய சிஸ்டம் அதையெல்லாம் கண்டுகொள்ளாது. புதியதோ கறார் பேர்வழி, ஒரு எழுத்து மாறினால்கூட ஆளே வேறு என்று திருப்பி அனுப்பிவிடும். டீச்சர் உட்கார்ந்து நானூறு இடத்தில் திருத்தினார். அதற்கு அடுத்து பிரிண்டர். பட்டியல் அடிக்கச் சொன்னால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, படிக்கட்டு மாதிரி இறங்கி, கடைசி ஆறு பள்ளிக்கூடம் காகிதத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. வரி முடிந்ததும் இடது ஓரத்துக்குத் திரும்பு என்று புது சிஸ்டம் தனியாகச் சொல்லாது, பழையது சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கண்டுபிடித்த அன்று டீச்சர் பேக்கரிக்கே போய் எல்லோர் முன்னாலும் லோனப்பனைக் கட்டிப்பிடித்துவிட்டார். ரொட்டி வாங்க வந்த பாதிரியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள், ரிசல்ட் போடும் பகுதியில், ஒரு விசித்திரமான வரி கண்ணில் பட்டது. மார்க்கு எல்லாம் ஏற்றி, கூட்டி முடித்த பிறகு, ஒன்றும் செய்யாமல் நாலு நிமிஷம் சும்மா இரு என்று ஷம்சு எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதே.' ஏன் என்று இல்லை.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பழைய பிரிண்டர் சூடாவதற்காகப் போட்டிருப்பான், பாவம், அந்தக் காலத்துப் பெட்டிக்கு அவ்வளவுதான் தெம்பு என்று முடிவு கட்டினார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினார். பொத்தானைத் தொட்டதும் ரிசல்ட். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. போதாததற்கு, வெளியே மரத்தடியில் ஒரு பெரிய டி.வி.யைத் தொங்கவிட்டு, ரிசல்ட் நேராக அதிலேயே தெரியும்படியும் செய்துவிட்டார்.

நவம்பரில் கலோத்ஸவம் ரோசிலி டீச்சரின் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. மார்க்கு ஏற்றும் வேலை டிராயிங் மாஸ்டர் விஸ்வம்பரன் மாஷுக்கு. பத்து வருஷமாக அவர்தான். அவர் வேலை செய்கிற விதமே தனி. ஜட்ஜுகள் கொடுத்த தாளைப் பார்த்து மளமளவென்று அடிப்பார், பொத்தானை அமுக்குவார். "மெஷின் யோசிக்குது" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் பால் விடாத கட்டன் சாயா, மறு கையில் தாள் என்று எடுத்து, உரக்கப் படித்தபடி திரையோடு ஒத்துப் பார்ப்பார். தப்பு இருந்தால் எஸ்கேப்பை அமுக்கித் திருத்துவார். கல்யாண வீட்டில் சமையல்காரர் இறக்கிய பிறகு உப்பு பார்க்கிற மாதிரி.

முதல் நாள் பதினோரு மணிக்கு ஒப்பனை முடிந்தது. மணப்பெண்ணை நடுவில் உட்காரவைத்து, தோழிகள் சுற்றிக் கைதட்டி ஆடும் ஆட்டம். பதினாலு குழு. விஸ்வம்பரன் மாஷ் அடித்தார், அமுக்கினார், சாயா கிளாஸை எடுக்கக் கையை நீட்டினார்.

வெளியே 'ஹோ' என்று ஒரு கூச்சல்.

"என்ன டீச்சரே, அதுக்குள்ளயா?"

"அதான் புது அரங்கு மாஷே!" டீச்சருக்குத் தலை கூரையில் இடித்தது. முதலிடம் அவருடைய பள்ளிக்கூடம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஆட்டம் முழுக்க வெட்கப்பட்டுத் தலை குனிந்தே உட்கார்ந்திருந்த மணப்பெண் அஞ்சிதா, தங்க நிறக் கச்சையும் கைநிறைய வளையலுமாக, எல்லோரையும்விட உயரமாகக் குதித்துக்கொண்டிருந்தாள். லோனப்பன் பேக்கரியிலிருந்து இரண்டு பெட்டி லட்டு வந்து இறங்கியது. மனுஷர் தயாராகவே இருந்திருக்கிறார்.

விஸ்வம்பரன் மாஷ் பழக்கதோஷத்தில் தாளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். "நூத்தி ஒம்பதாம் நம்பர், எண்பத்தெட்டு, தொண்ணூத்தி ஒண்ணு, எண்பத்தாறு..." நின்றார். "டீச்சரே. இங்க எண்பத்தி ஒண்ணுன்னு இருக்கு."

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். தாளில் தொண்ணூற்றொன்று, திரையில் எண்பத்தொன்று. பத்து மார்க்கு. சரியாக ஏற்றினால் நூற்று ஒன்பதுக்கு இருநூற்று அறுபத்தைந்து, டீச்சரின் பிள்ளைகளுக்கு இருநூற்று அறுபத்திரண்டு. முதலிடம் நூற்று ஒன்பது. அது எந்தப் பள்ளிக்கூடம் என்று பட்டியலைப் பார்த்தால், பௌலோஸ் மாஷுடையது.

விஸ்வம்பரன் மாஷ் அடித்த விரலை முறைத்தார். "என் விரலை வெட்டிப் போடணும்." பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "யாராவது அப்பீல் போட்டாத்தான் மார்க்குத் தாளை வச்சு ஒட்டின கவரைப் பிரிப்பாங்க. அந்த மலைப் பிள்ளைங்க அப்பீல் போடறவங்க இல்ல..." என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி டீச்சருக்கும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. சாவி கையில் இருக்கும், லட்டு வாயில் இருக்கும், குதிக்கிற பிள்ளைகள் குதித்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த நொடி அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

"மாஷே, நம்மகிட்ட இருக்கிற ஒரே சாமான் அந்தக் கூட்டல்தான். அதையும் வித்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மைக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. நேரே அஞ்சிதாவிடம் போய், அவள் வளையல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, கேளுங்க. தப்பு நடந்துபோச்சு. ஃபர்ஸ்ட் உங்களுக்கு இல்ல. நீங்க செகண்ட். கூட்டினது நான் சரிபண்ணின மெஷின். தப்பு என்னுது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். அஞ்சிதாவின் கண்ணிலும் மை கலங்கியது. அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, கையிலிருந்த பாதி லட்டைப் பார்த்தாள்.

"டீச்சரே, அப்ப இத திருப்பிக் குடுக்கணுமா? நான் கடிச்சிட்டேனே."

அழுதவர்களே சிரித்துவிட்டார்கள். அஞ்சிதா கடிக்காத பெட்டியைத் தூக்கினாள். மலைப்பள்ளிக் குழு தூரத்தில் வேப்பமரத்தடியில் துணி மாற்றி, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. இவள் போய், "ஏய், ஃபர்ஸ்ட் நீங்கதான். எங்களோடத நாங்க தின்னாச்சு, இது உங்களோடது" என்று பெட்டியை நீட்டினாள். அவர்கள் நம்பவில்லை, கேலி என்று நினைத்தார்கள். ரோசிலி டீச்சர் பின்னாலேயே மூச்சு வாங்க வந்து தாளைக் காட்டியதும் ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், மூன்றாம் மேடையில் மோனோ ஆக்ட் பண்ணிக்கொண்டிருந்த பையன் வசனத்தை மறந்துவிட்டான். அப்புறம் இரண்டு மணப்பெண்களையும் மரத்தடியில் உட்காரவைத்து, இரண்டு குழுப் பெண்களும் சுற்றிச் சுற்றிக் கைதட்டினார்கள். ஜட்ஜுகள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

டீச்சர் திரும்பி வந்து ஷம்சுவுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டார்.

"ஷம்சூ, அந்த நாலு நிமிஷம் எதுக்குடா போட்டே?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அது மெஷினுக்கு இல்ல டீச்சரே, விஸ்வம்பரன் மாஷுக்கு! முதல் வருஷமே பாத்தேன், மனுஷன் அமுக்கின பிறகுதான் தாளைப் படிப்பாரு. படிச்சிட்டு அமுக்குங்கன்னு சொன்னா கோவிச்சுக்குவாரு. அதான் மெஷினை யோசிக்க வச்சேன். எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்டா கழுதே. காரணத்தையும் ஒரு வரி எழுதி வச்சா குறைஞ்சா போயிடுவே?"

"எழுதினா மாஷ் படிச்சிருவாரே!"

டீச்சர் அந்த வரியை இருந்த இடத்திலேயே மறுபடி எழுதினார். லினக்ஸுக்கு மாற்ற நானூறு திருத்தம் செய்தவருக்கு, திருத்தக்கூடாதது ஒன்று இருந்தது என்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் வாக்கு வாக்குதான். சாவியைக் கொண்டுபோய் பௌலோஸ் மாஷின் மேஜையில் வைத்தார்.

மாஷ் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய உதட்டோரம் லட்டுத் தூள் ஒட்டியிருந்தது.

"எண்ணெய் போடவே இல்லயே டீச்சரே."

"மாஷே, கிண்டல் பண்ணாம வாங்கிக்கங்க."

"எங்க பிள்ளைங்க பதினோரு வருஷத்துல முதல் தடவையா ஜில்லாப் போட்டிக்குப் போறாங்க" என்றார் மாஷ். "கம்பெனிக்காரன் வந்திருந்தா, பஸ் ஏறிப் போயிருப்பாங்க. யாரும் ஓடிப் போயிக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க." சாவியை டீச்சர் பக்கமே தள்ளினார். "துரு பிடிச்ச சாவி எனக்கு வேண்டாம்னு அப்பவே சொன்னேன்ல."

மத்தியானம் மூணு மணிக்கு மிமிக்ரி ரிசல்ட். விஸ்வம்பரன் மாஷ் அடித்தார், அமுக்கினார், சாயாவை எடுத்தார், படிக்க ஆரம்பித்தார். வெளியே டி.வி. முன்னால் நூறு பேர் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. பொறுக்க முடியாமல் பௌலோஸ் மாஷே ஜன்னலைத் தட்டினார்.

"என்ன டீச்சரே, காலைல மின்னல் மாதிரி இருந்துச்சே, இப்ப ஏன் இவ்ளோ நேரம்?"

ரோசிலி டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து விஸ்வம்பரன் மாஷ், "டீச்சரே, எஸ்கேப், எஸ்கேப்! ஆறாம் நம்பரை ஒம்பதுன்னு அடிச்சிருக்கேன்!" என்று அலறினார்.

டீச்சர் எஸ்கேப்பை அமுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாக வாயைப் பின்னால் விட்டுவிட்டுப் புத்தி முந்திக்கொண்டது.

"மெஷின் யோசிக்குது மாஷே. நீங்க போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."