எரிகிற பொத்தானும் அந்தக் கட்சியும்

"பாத்துக்கிட்டே இருங்க, இன்னொரு தடவை அமுக்குவாரு" என்று வாட்ச்மேன் காதில் கிசுகிசுக்கிறார் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்காகக் காத்து நிற்கும் மனிதர், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பொத்தானை மறுபடியும் அமுக்குகிறார். மெக்கானிக்கின் முகத்தில் பரம திருப்தி. "சொன்னேன்ல? அந்தக் கட்சிதான். மூளை இருந்தா எரியிற பொத்தானை எதுக்கு அமுக்கப் போறாரு?"

எரிகிற பொத்தானை மறுபடி அமுக்குகிறவர்கள் எல்லாம் தமக்குப் பிடிக்காத அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்பது இவருடைய பல வருஷ ஆராய்ச்சி; அதனால் கம்பெனியில் இவருக்குப் பட்டப்பெயர் 'புள்ளிவிவரம்'. சட்டைப் பையில் டெஸ்டர், முழங்கை வரை கிரீஸ். மக்கர் பண்ணும் லிஃப்டை "வாடா ராசா" என்று கொஞ்சித்தான் கிளப்புவார். மனிதர்களிடம் அந்தப் பொறுமை கிடையாது. தம் கட்சிக்காரர் ஒருவர் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தியபோது மட்டும், "அவருக்கு என்ன அவசரமோ, பாவம்" என்றார். வாட்ச்மேன் சிரித்தேவிட்டார். ஆராய்ச்சியாளர் கண்டுகொள்ளவில்லை.

அறிவு என்றால் இவருக்கு மகள்தான். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். லிஃப்டுக்கு எதிர் எடை எதற்கு என்று இவர் பாதி விளக்குவதற்குள், மீதியைச் சின்ன வயதிலேயே அவள் சொல்லி முடித்துவிட்டாளாம். இந்தக் கதையைக் கேட்காத ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆனால் இந்தக் குஞ்சு உண்மையிலேயே பொன்தான்.

தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வாராவாரம் போல மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல ஆரம்பித்தார். "அவங்களுக்கு ஓட்டுப் போட்டவன் மண்டையில களிமண்ணுதான்."

மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் அவங்களுக்குத்தான்ப்பா போட்டேன்."

"யாரோ உன்னை ஏமாத்திட்டாங்கம்மா."

அதுதான் அவளைச் சுட்டுவிட்டது. "நீங்க திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. நானே யோசிச்சுப் போட்டிருப்பேன்னு உங்களுக்குத் தோணவே இல்லல்ல?"

கை கழுவிக்கொண்டு கிளம்பியவள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசினாள்.

பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார். "அதோ, அந்தக் கட்சி போகுது" என்று வாட்ச்மேன் சீண்டினால், "வேலையைப் பாருய்யா" என்று டெஸ்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். ஒன்று, மகள் அறிவாளி இல்லை. இல்லாவிட்டால் இத்தனை வருஷ ஆராய்ச்சி வெறும் பேச்சு. முன்னதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பின்னதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் அம்மா கெஞ்சிக் கூப்பிட்டு மகள் வந்தாள். வந்தவள் வாசலோரம் கிடந்த நாற்காலியில், விருந்தாளி மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோபாவின் நடுவில் அப்பா. அந்த நேரம் பார்த்தா டிவியில் அந்தக் கட்சித் தலைவி பேச வரவேண்டும்! அந்த முகம் தெரிந்தாலே சேனலை மாற்றுகிறவர் அவர். மனைவி பதறிப்போய் ரிமோட்டை எடுத்தார்.

அப்பா அதை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினார். பிறகு, மகளை நிமிர்ந்து பார்க்காமலே, சோபாவில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.